சொல்லின் பின்னே – 17: கடிகாரம் கேட்ட மனிதன்

1849 மே மாதம். நியூயார்க் நகரின் வில்லியம் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரை, நன்றாக உடுத்தியிருந்த ஓர் ஆள் நிறுத்திப் பேச்சுக் கொடுத்தான். நெடுநாள் பழகியவனைப் போலச் சிரித்துப் பேசினான். பேச்சோடு பேச்சாக, “நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்கிற அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்டான்.

கேட்கப்பட்டவருக்குத் தர்மசங்கடம். தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும், நமக்குத்தான் ஞாபகம் வரவில்லை. முடியாது என்றால் மனம் நோகாதா? பையிலிருந்த தங்கக் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் மதிப்பு 110 டாலர். வாங்கியவன் சிரித்தபடியே நடந்து போனான்.

அவன் பெயர் வில்லியம் தாம்ப்சன். மிரட்டவில்லை, பறிக்கவில்லை. இதே கேள்வியை ஆள் மாற்றி ஆளிடம் கேட்டே பிழைத்தவன். ‘நியூயார்க் ஹெரால்டு’ பத்திரிகை அவனைக் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’ என்று எழுதியது. 1857-ல் ஹெர்மன் மெல்வில் அதே பெயரில் ஒரு நாவலே வெளியிட்டார். காலப்போக்கில் சொல் தேய்ந்து ‘கான்மேன்’ ஆயிற்று. இன்று அதைச் சொல்கிறவர்களுக்கு உள்ளே ‘நம்பிக்கை’ ஒளிந்திருப்பது தெரிவதில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்தான் என்று நாம் சொல்வதும் இதே வலியைத்தான்.

சில மோசடிகளுக்கு ஆளின் பெயரே நிலைத்துவிட்டது. 1920-ல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி, போட்ட பணத்துக்கு 45 நாளில் பாதிப் பங்கு லாபம் தருவதாகச் சொன்னார். வெளிநாட்டுத் தபால் கூப்பன்களை மலிவாக வாங்கி, அமெரிக்காவில் கூடுதல் விலைக்கு மாற்றுவதாக விளக்கம். உண்மையில் புதிதாக வந்தவர்களின் பணம்தான் முன்பே போட்டவர்களுக்கு லாபமாகப் போனது. பொருளாதாரப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பாரன் கணக்குப் போட்டார்: அவ்வளவு முதலீட்டுக்கு 16 கோடி கூப்பன்கள் வேண்டும், புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000. ஆகஸ்டில் பான்சி கைதானார். 1899-லேயே புரூக்ளினில் வில்லியம் மில்லர் என்பவர் இதே வேலையைச் செய்திருக்கிறார். ஆனாலும் உலகம் ‘பான்சி ஸ்கீம்’ என்றே சொல்கிறது.

ஏமாற்றுகிறவனுக்கு இப்படி விதவிதமாகப் பெயர் சூட்டிய ஆங்கிலம், ஏமாந்தவரை என்னவென்று அழைக்கிறது? ‘டூப்’ என்கிறது. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேர் கொண்டலாத்திப் பறவையின் பெயர் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். தலையில் விசிறிக் கொண்டையோடு புல்தரையைக் கொத்திக்கொண்டு திரியுமே, அதே பறவைதான். அதைப் பார்க்க அசடு போலிருக்கிறது என்று யாரோ நினைத்ததால் வந்த பெயர். ‘சக்கர்’ என்ற சொல்லும் இதே ஏளனத்தைச் சுமப்பதுதான்.

இது அநியாயம். வில்லியம் தெருவில் கடிகாரத்தைக் கொடுத்தவர் அசடு அல்ல. எதிரே நிற்பவரைப் புண்படுத்தக் கூடாதென்று நினைத்தவர். பாஸ்டனில் வரிசையில் நின்றவர்கள், அக்கம்பக்கத்தார் கையில் லாபப் பணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள். தன்னைக் கொண்டலாத்தி என்று ஊர் சொல்லும் என்ற பயம்தான் ஏமாந்தவரின் வாயைக் கட்டுகிறது. வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் ஏமாற்றியவன் அடுத்த ஆளிடம் போகிறான். சைபர் மோசடியில் சேமிப்பை இழந்தவர்கள் பெற்ற பிள்ளைகளிடம்கூட மறைப்பதற்கும் இந்த வெட்கமே காரணம்.

கடிகாரத்தை இழந்தவர் அப்படி வெட்கப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், லிபர்ட்டி தெருவில் அதே முகத்தைக் கண்டார். இந்த முறை யாரென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காவலரைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினார். தாம்ப்சனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.