மலேரியாக் காய்ச்சலை மறந்துவிடலாமா?



நமது லயங்களில் பல குடும்பங்களுக்கு வன்னியில் சொந்தபந்தம் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். தர்மபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் இன்றும் நம்மவர்கள் வாழ்கிறார்கள். அந்த நாட்களில் அங்கே நல்லது கெட்டதுக்குப் போய் வந்தவர்கள் குளிர்காய்ச்சலோடு திரும்புவது புதினமல்ல. இரண்டு கம்பளி போர்த்தினாலும் உடம்பு நடுங்கும். பிறகு அனலாய்க் கொதிக்கும். கடைசியில் வியர்த்துக் கொட்டும். அதுதான் மலேரியா.

1990களில் வன்னி மக்கள் இந்த நோயால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மரத்தடியிலும் ஓலைக் கொட்டிலிலும் படுத்தவர்களை நுளம்பு விடவில்லை. மருந்து கொண்டு போவதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. 1999இல் இலங்கை முழுவதும் 2,64,549 பேருக்கு மலேரியா கண்டது. போர் நடந்த மாவட்டங்களே அதிகம் பாதிக்கப்பட்டன.

ஆனாலும் சுகாதார ஊழியர்கள் கைவிடவில்லை. சண்டைக்கு நடுவிலும் ரத்தம் சோதித்தார்கள், வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள், நுளம்பு வலை கொடுத்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் மலேரியா பரவுவது நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இது நாமெல்லாரும் பெருமைப்பட வேண்டிய காரியம்.

அப்படியென்றால் இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். நோய் போய்விட்டது, நுளம்பு போகவில்லை. போதாததற்கு இந்தியாவில் நகரங்களிலே மலேரியாவைப் பரப்புகிற புதுவகை நுளம்பு ஒன்று 2016இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போய் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் மலேரியாவோடு திரும்புகிறார்கள். 2023இல் ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் இறந்தும் போனார். நம் பிள்ளைகளும் வேலைக்குக் கடல் கடந்து போகிறார்கள். திருச்சிப் பக்கம் உறவினரைப் பார்க்கவும் கோவில் குளத்துக்கும் போகிறோம். மலையில் குளிர் அதிகம், மலேரியா ஏறாது என்பது பழைய நம்பிக்கை. நுளம்பு ஏறாவிட்டாலும் காய்ச்சல்காரர் பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார் அல்லவா?

சாதாரண மலேரியா எப்போது கடுமையாகிறது?

மலேரியாக் கிருமிகளில் முக்கியமானவை இரண்டு. விவாக்ஸ் என்பது ஈரலில் ஒளிந்திருந்து மாதக் கணக்கில் கழித்தும் திரும்ப வரும். உயிருக்கு அதிகம் ஆபத்தானது பல்சிபாரம். அது ரத்தச் சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து வளர்கிறது. அப்படிப்பட்ட அணுக்கள் பசை பிடித்தது போலச் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். மூளையில் அடைத்தால் நினைவு தப்பும், வலிப்பு வரும். சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் குறையும். அணுக்கள் உடைவதால் ரத்தம் வற்றிப் போகும், கண் மஞ்சளாகும்.

ஆகவே காய்ச்சல்காரர் எழுந்து உட்கார முடியாமல் போனால், முன்பின் இல்லாமல் பேசினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், வேகமாக மூச்சு வாங்கினால், சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. "அசதியில தூங்குறாரு, தூங்கட்டும்"னு விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டால் எழும்புகிறாரா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன செய்கிறார்கள்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறதோ என்று நெஞ்சு பதறும். நடப்பது இதுதான்.

முதலில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, கிருமி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஆர்ட்டிசுனேட் என்ற ஊசி மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் ஒன்று, 12 மணித்தியாலத்தில் ஒன்று, 24 மணித்தியாலத்தில் ஒன்று. அதன் பிறகு மாத்திரை விழுங்கும் நிலை வரும்வரை நாளுக்கு ஒன்று. பிறகு மூன்று நாள் மாத்திரை.

முன்பெல்லாம் இதற்குக் குயினைன்தான் மருந்து. அது சிங்கோனா மரப் பட்டையில் இருந்து எடுப்பது. கோப்பி அழிந்து தேயிலை பரவுவதற்கு முன்னே நமது மலைத் தோட்டங்களில் சிங்கோனாதான் நட்டார்கள். அதை நட்டுப் பார்க்கத்தான் 1861இல் ஹக்கலைத் தோட்டமே தொடங்கப்பட்டது. குயினைன் பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் அது ரத்தத்தில் சீனியைக் குறைத்துவிடும், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்ட்டிசுனேட் சீனாவின் ஒரு மூலிகைச் செடி வழியாக வந்த மருந்து. அந்த மூலிகையின் மருந்துச் சத்தைக் கண்டறிந்த தூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. நான்கு ஆசிய நாடுகளில் இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். குயினைன் பெற்ற 100 பேரில் 22 பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்ற 100 பேரில் 15 பேர். கிருமி இளசாக இருக்கும்போதே, குழாயில் ஒட்டுமுன்னே, அழித்துவிடுவதுதான் இதன் பலம்.

மருந்து கிருமியைக் கொல்கிறது. அதுவரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதே தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை. சீனியின் அளவை அடிக்கடி பார்த்து, குறைந்தால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். ரத்தம் வற்றினால் ரத்தம் ஏற்றுவார்கள். சிறுநீரகம் நின்றுபோனால் இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தப்படுத்துவார்கள். மூச்சு முட்டினால் செயற்கைச் சுவாசம் கொடுப்பார்கள். சிறுநீரைக் குழாய் வழியாக எடுத்து அளந்து எழுதுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "ஒரு போத்தல் சேலைன் கூட ஏத்தல, சும்மா போட்டு வச்சிருக்காங்க"ன்னு நம்மவர்கள் கோபப்படுவதுண்டு. கடுமையான மலேரியாவில் அளவுக்கு மேல் சேலைன் ஏற்றினால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் தேங்கி, பிழைக்க வேண்டியவரையே மூச்சு முட்டிச் சாகவைக்கும். அளந்து கொடுப்பது அலட்சியத்தால் அல்ல, அதுவும் வைத்தியம்தான். அதேபோல் நினைவில்லாதவருக்குத் தேத்தண்ணியோ தீர்த்தமோ வாயில் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதே நல்லது.

சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. இந்த ஊசி போட்ட சிலருக்கு ஓரிரு வாரம் கழித்துத் திரும்பவும் ரத்தம் குறையலாம். நான்கு வாரம்வரை, சொன்ன நாளில் போய் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

நம் கையில் இருப்பது

இத்தனை வசதி இருந்தும் ஒரு விஷயம் நம்மிடமிருந்துதான் கிடைக்க வேண்டும். இன்று மலேரியா அபூர்வம். காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். "போன மாசம் இந்தியாவுக்குப் போனேன்", "மகன் ஆபிரிக்காவில இருந்து வந்தவன்" என்று நாம் சொன்னால்தான் வைத்தியர் மலேரியாவைத் தேடுவார். கடல் கடந்து போய் வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், யாரும் கேட்காவிட்டாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்லுங்கள். பெனடோலைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போகாதீர்கள். ரத்தச் சோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகுமுன் மலேரியா தடை இயக்கத்தின் அலுவலகத்தில் கேட்டால் தடுப்பு மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும்.

வன்னியிலிருக்கும் உறவினருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பாடுபட்டு விரட்டிய நோயை மறதியால் திரும்ப அழைத்து வரலாமா? மலேரியா நமக்கு ஒரு நாள் இரண்டு நாள்தான் தவணை தருகிறது. அந்தத் தவணைக்குள் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்போம். போய் வந்த ஊரை மறைக்காமல் சொல்வோம்.