மாதம் ஒருமுறை முதுகைக் காட்டத்தான் வேண்டுமா?

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினால் களப்போரமாக உப்புப் பாத்திகள் தெரியும். வெளியூரார் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பாத்திக்குள் குனிந்து நின்று உப்பை வாரிக் கூட்டி, ஈரம் சொட்டச் சொட்டத் தலையிலும் தோளிலும் சுமப்பவர்களின் நாரியைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். என் மூத்த நானா 20 வருடத்துக்கு மேலாக அந்த வேலைதான் செய்கிறார். மாதத்தின் முதலாவது சனிக்கிழமை மட்டும் உப்பளத்துக்குப் போகமாட்டார். பஸ் ஏறி, முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் போவார். நோவு இருந்தாலும் போவார், இல்லாவிட்டாலும் போவார். எண்ணெய் போட்டு உருவி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, 'சடக்' என்று சத்தம் வந்ததும் எழும்பி வருவார். வைத்தியருக்கு 2000 ரூபா, பஸ் காசு, போதாததற்கு ஒரு நாள் கூலியும் இல்லை.

சென்ற வருடம் அவருடைய மகள் சாதாரண தர வகுப்புக்கு வந்தாள். டியூஷன் காசு சேர்க்க வேண்டும். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கேட்டார்: "தங்கச்சி, நிப்பாட்டினா முதுகு திரும்பப் பிடிச்சிரும்னு அவர் சொல்றார். புள்ளேட கிளாஸ் காசும் நிக்குது. நீ படிச்சவதானே, சொல்லு. நான் போறதா, நிப்பாட்டுறதா?"

நான் படித்தது தமிழ்ச் சிறப்புப் பட்டம். புணர்ச்சி விதி கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். முதுகைப் பற்றிச் சொல்ல வாசிக்க வேண்டியிருந்தது. நம்மூரில் இந்தக் கேள்வி நானாவுக்கு மட்டும் உரியதல்ல என்பதால், வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விடயங்களைப் பிரித்துக்கொள்வோம். நோவு வந்த பிறகு கையால் செய்யும் வைத்தியம் ஒன்று. நோவு இல்லாதபோது, அது வராமலிருக்க ஒழுங்காகப் போய்க் காட்டுவது இன்னொன்று. நம் பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன. "போன தரம் எனக்குச் சுகமாச்சு" என்பது முதலாவதற்கான சாட்சி. அதை வைத்து இரண்டாவதற்குக் காசு கட்டுகிறோம்.

கையால் எலும்பையும் தசையையும் சரிசெய்யும் வைத்தியம் உலகம் முழுவதும் இருக்கிறது. மேற்கில் அதற்கு ஒஸ்டியோபதி என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோனது. அக்கால மருந்துகள் மேல் இருந்த நம்பிக்கையும் அவர்களோடு போயிற்று. 1874இல் தன் புதிய முறையை அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் கல்லூரி தொடங்கினார். அதற்கு முன் ஊர் ஊராகப் போனபோது அவர் தன்னை 'மின்னல் வேக எலும்பு வைத்தியர்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூர் வைத்தியசாலைப் பலகைகள் கண்ணுக்குள் வந்தன. இன்று அமெரிக்காவில் ஒஸ்டியோபதி படித்தவர்கள் மருந்தும் சத்திரசிகிச்சையும் செய்யும் முழு வைத்தியர்கள். பிரித்தானியாவில் அப்படியல்ல. அங்கே அவர்கள் கைவைத்தியம் மட்டும் செய்வார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் பாவிக்க முடியாது. நம் நாட்டில் முறிவு நெரிவு வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெறுகிறார்கள். போகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி அந்தச் 'சடக்'. விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்றுதான் நானா நம்பியிருந்தார். நானும் நம்பியிருந்தேன். உண்மையில் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டெனக் குறைந்து வாயுக் குழி ஒன்று உண்டாவதால் வருகிற சத்தம் அது. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை இழுத்து நெட்டி முறியவைத்து, அது நடக்கும் கணத்தை எம்.ஆர்.ஐ. படமாகவே பிடித்துக் காட்டினார்கள். முதுகெலும்பு மாதாமாதம் விலகுவதுமில்லை, ஒருவர் அதைப் பிடித்து வைப்பதுமில்லை. அது அப்படி இலேசாக விலகக்கூடியதாக இருந்தால் உப்பு மூட்டை தூக்கிய முதல் நாளே நானா விழுந்திருப்பார். சத்தத்துக்குப் பிறகு வரும் சுகம் பொய் என்று நான் சொல்லவில்லை. தசை தளர்கிறது, நோவு கொஞ்ச நேரம் மட்டுப்படுகிறது. ஆனால் அது பழுது பார்த்த சத்தமல்ல.

நோவு உள்ளபோது இந்த வைத்தியம் எவ்வளவு உதவும்? பிரான்சில் நாட்பட்ட நாரி நோவுள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையான ஒஸ்டியோபதியும் மறுபகுதியினருக்குத் தொடுவது போன்ற பாவனையும் ஆறு தடவை செய்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. உண்மையான வைத்தியம் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் இருந்தது. ஆனால் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய அளவுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல், நாட்பட்ட நாரி நோவுக்குக் கொடுக்கக்கூடிய சிகிச்சைகளில் கையால் திருப்புவதையும் உருவுவதையும் சேர்த்திருக்கிறது. உடற்பயிற்சியும் அதே பட்டியலில் இருக்கிறது. இடுப்புப் பட்டியை வேண்டாம் என்கிறது. (ஃபாமசியில் வாங்கிய பட்டி ஒன்று எங்கள் அலுமாரியிலும் தூங்குகிறது.) புதிதாகப் பிடித்த நாரி பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் தானாகவே இளகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவது கிழமையில் யாரிடம் போனோமோ அவருக்குப் பேர் கிடைக்கும்.

நானாவின் கேள்விக்கு நேராக வருவது சுவீடனில் நடந்த ஆய்வு. 2018இல் வெளியானது. அங்கே வைத்தியம் செய்தவர்கள் கைரோபிரக்டிக் என்ற அண்டைத் துறைக்காரர்கள். ஆனாலும் கேள்வி அதேதான்: நோவு வரும்போது மட்டும் வருவதா, நோவு இல்லாவிட்டாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதா? 328 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். ஒழுங்காக வந்தவர்களுக்கு, தொந்தரவு தரும் நோவுள்ள நாட்கள் சராசரியாக 12.8 குறைந்தன. அவர்கள் மற்றவர்களைவிட 1.7 தடவை மட்டுமே கூடுதலாக வைத்தியரிடம் போனார்கள்.

நானாவிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "பாத்தியா?" என்றார். பொறுங்கள் என்றேன். அந்த 328 பேரும் தெருவில் போன யாரோ அல்லர். எல்லோருக்கும் நாரி நோவு திரும்பத் திரும்ப வருவது. எல்லோரும் முதல் சில தடவையிலேயே கைவைத்தியத்தால் நல்ல சுகம் கண்டவர்கள். அவர்களிலும், நோவால் மனமும் அன்றாட வேலையும் பெரிதாகக் குழம்பிப்போனவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது. நோவோடு சமாளித்து வாழப் பழகியவர்களுக்கு ஒழுங்காக வந்தும் வித்தியாசம் இருக்கவில்லை. நோவே கண்டிராதவர், 'எதற்கும் ஒருக்கா காட்டி வைப்போம்' என்று போகிறவர், அந்த ஆய்வில் இல்லவே இல்லை. அவருக்கு இதைக் காட்டிக் காசு வாங்குவது சரியல்ல.

வைத்தியர் நானாவிடம் சொன்ன நியாயம் ஒன்று உண்டு. "பைக்குக்குச் சேர்விஸ் போடுறீங்கதானே, உடம்புக்கு வேணாமா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பைக் ஓட ஓடத் தேயும். உடம்பு அளவோடு பாவிக்கப் பாவிக்க உரம் ஏறும். பாவிக்காமல் விட்டால்தான் இளைக்கும். தடுப்பு என்று எடுத்தால் ஆய்வுகள் சுட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான். 2016இல் 21 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 30,000க்கு மேற்பட்டவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சியோடு அறிவூட்டலும் சேர்ந்தால் நாரி நோவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 வீதம் குறைந்தது. அறிவூட்டல் மட்டும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. ஆசிரியையான எனக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. பயிற்சியை விட்டால் பலனும் போய்விடும் என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. 2024இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நாரி நோவு வந்து மாறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்கு, கிழமைக்கு ஐந்து நாள் 30 நிமிடம் வரை நடக்கும்படி படிப்படியாக ஏற்றிக் கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு நோவு திரும்பி வர 208 நாட்கள் பிடித்தன. நடக்காதவர்களுக்கு 112.

இதைப் படித்தபோது இப்னு ஸீனா நினைவுக்கு வந்தார். 'அல்கானூன்' நூலின் முதற் பாகத்தில் சுகத்தைப் பேணும் முறைகளைச் சொல்லும்போது அவர் முதலில் வைப்பது உடற்பயிற்சியை. உடம்பு பிடித்து உருவுவதையும் விரிவாகச் சொல்கிறார். பயிற்சிக்கு முன் உடம்பை ஆயத்தப்படுத்த ஒருவகை, பயிற்சிக்குப் பின் ஆற்ற ஒருவகை. பயிற்சிக்குத் துணையாக அதை வைத்தாரே ஒழிய, அதன் இடத்தில் வைக்கவில்லை.

நானா விடவில்லை. "நாள் முழுக்கப் பாத்தியில நடக்கிறேனே, இன்னும் நடக்கவா?" நியாயமான கேள்வி. பாரத்தோடு குனிந்து, ஒரே தசையை ஒரே விதமாக எட்டு மணித்தியாலம் வருத்துவது பயிற்சியில் சேராது. அவருக்கு வேண்டியது அந்தத் தசைகளுக்கு எதிர்ப்பக்க வேலையும் கொஞ்ச ஓய்வும். கூடையை அரைவாசி நிரப்பி இரண்டு நடை நடந்தால் நாரிக்கு நல்லது. ஆனால் கூலி கூடைக் கணக்கில் என்றால் யார் அரைவாசி நிரப்புவார்? இந்த இடத்தில் வைத்தியமும் உதவாது, என் வாசிப்பும் உதவாது. கூலி கொடுப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். 'நடவுங்கள், செலவில்லை' என்று எழுதுவது இலேசு. ஸுபஹுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஆண்கள் நடப்பார்கள். நாங்கள் நடந்தால் ஊர் பார்க்கும், நாயும் துரத்தும். நான் வளவுக்குள்ளேயே கிணற்றடிக்கும் கேட்டுக்கும் இடையில் நடக்கிறேன். பெண்ணுக்குக் கைவைத்தியம் செய்யப் பெண் கிடைப்பதும் அரிது. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பிசியோதெரபிப் பிரிவுகளில் பெண் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். காசும் இல்லை. வரிசையில் காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.

ஒழுங்காகப் போவதில் நான் பயப்படுவது காசுக்கு அல்ல. எல்லா நோவையும் ஒரே கையிடம் கொண்டுபோகும் பழக்கத்துக்கு. எங்கள் உறவில் ஒரு மாமா ஆறு மாதம் முதுகை உருவிக்கொண்டிருந்தார். இரவில் படுக்கவே விடாத நோவு, மெலிவு, மாலைக் காய்ச்சல். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பில் காசநோய். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இரவில் கூடும் நோவு, கால் பலம் குறைதல், சிறுநீர் அடைத்தல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், விழுந்த பின் வந்த நோவு, முன்பு புற்றுநோய் இருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்துக்கு முன் ஆஸ்பத்திரி. சிறுநீரும் மரப்பும் என்றால் அன்றே. எலும்பு தேய்ந்த வயதானவர்களின் முதுகை யாரும் வேகமாகத் திருப்பக் கூடாது. கழுத்தைச் சட்டென்று திருப்புவதை எந்த வயதிலும் நான் வேண்டாம் என்பேன். அரிதாக என்றாலும் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்திருக்கிறது.

எல்லாம் கேட்ட பிறகு நானா எடுத்த முடிவு முழுக்க என் முடிவல்ல. மூன்று மாதம் போகாமல் இருந்து பார்ப்பது, நோவுள்ள நாளைக் கலண்டரில் சிவப்பால் புள்ளடி போடுவது, பிசியோதெரபியில் காட்டிக் கொடுத்த நான்கு பயிற்சியை இஷாவுக்குப் பிறகு செய்வது என்று பேசிக்கொண்டோம். முதல் மாதம் ஏழு புள்ளடி. இரண்டாம் மாதம் ஐந்து. மூன்றாம் மாதம் உப்பு அறுவடை மும்முரம், ஒன்பது. அந்தச் சனிக்கிழமை அவர் பஸ் ஏறினார். திரும்பி வந்து, "இனி நோவு வந்தா மட்டும்தான் போறது, சரியா?" என்றார். சரி என்றேன். கலண்டர் இன்னும் குசினிச் சுவரில் தொங்குகிறது. டியூஷன் காசு இந்த மாதம் நேரத்துக்குக் கட்டியாயிற்று.