கோவிவனுக்கு ஒரு கல்

பெட்டாலிங் ஜெயாவில் வளர்ப்பு நாய்க்கு மாநகர் மன்றத்தில் ஆண்டுதோறும் உரிமம் எடுக்கிறோம். அது இறந்த பிறகும் கழுத்துப்பட்டையைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. "ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை?" என்று யாராவது கேட்டால், நேயர்களே, தயங்காமல் எடுத்தனூரைச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஊர் அது. 7ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவகத்திக்கு அங்கே நடுகல் எழுப்பினார்கள். வீரனின் அருகிலேயே அவனுடைய நாயையும் செதுக்கினார்கள். அதன் பெயர் கோவிவன். மன்னன் பெயரும் வீரன் பெயரும் பொறித்ததோடு நிற்கவில்லை. கோவிவன் கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும், எவ்வளவு அன்பு இருந்திருக்க வேண்டும், அதே கல்லில் தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.