விழுங்கும்போது வலிக்கிறதா?



"ஐயா, பாட்டிக்குச் சோறு இறங்க மாட்டேங்குது, சூடு பிடிச்சிருக்கு போல" என்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், "தீபாவளிக்கு முன்னாலேருந்தே" என்று பதில் வரும். இப்படி நாள் கடத்துவதுதான் ஆபத்து.

சளியோடு வரும் தொண்டைப்புண் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாலே போதும். ஆனால் வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு.

மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு அப்படியே பாயில் சாய்ந்துவிடுகிறார்கள். அது உணவுக் குழாயில் ஒட்டிக் கரைந்து அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். சில மூட்டுவலி மாத்திரைகள், டாக்சிசைக்கிளின், எலும்புத் தேய்வுக்குத் தரும் அலென்ட்ரோனேட் ஆகியவை இதில் பொல்லாதவை. ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், ஆஸ்துமா மருந்தை உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் நாக்கிலும் தொண்டையிலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படியலாம். இது காளான் தொற்று, மருந்துக்குக் கேட்கும். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் நாள்பட்டாலும் குழாய் புண்ணாகும்.

இனி வெற்றிலை. இதைச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். பால்மரம் சீவிய காலத்தில் பசியை அடக்கிய பழக்கம், எனக்கும் புரிகிறது. ஆனால் மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம்தான் அதிகம். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1985-லேயே சொன்னது. "நான் புகையிலை சேர்க்கிறதில்லையே" என்பீர்கள். பாக்கே கெடுதல்தான் என்று அதே நிலையம் 2003-ல் முடிவு செய்துவிட்டது. இதோடு சிகரெட்டும் சம்சுவும் சேர்ந்தால் தொண்டைக்கும் உணவுக் குழாய்க்கும் ஆபத்து பல மடங்கு.

உணவுக் குழாயில் புற்று வந்தால் முதலில் சோறு சிக்கும், பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரும் இறங்காது. உடம்பு இளைத்துக்கொண்டே போகும். குரல் கம்முவது, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, இவையும் நல்ல அடையாளங்கள் அல்ல. டார்ச் லைட் பிடித்து வாய்க்குள் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, ஆறாத புண்ணோ 2 வாரத்துக்குமேல் இருந்தால் கைமருந்தை நிறுத்திவிட்டு அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள். அங்கிருந்து ஷா ஆலம் மருத்துவமனைக்கோ கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். குழாய் விட்டுப் பார்ப்பார்களே என்று பயப்பட வேண்டாம், சில நிமிட வேலைதான். எச்சில்கூட இறங்காவிட்டாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

போகும்போது பாட்டி சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெற்றிலை போடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.