கோஷர் என்றால் ஹலாலா?

வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்கும் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடையில் ஹலால் முத்திரை போட்ட பொருள் கிடைக்கவில்லை. கோஷர் முத்திரை போட்டது இருக்கிறது. அதை வாங்கலாமா?" ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. கோஷர் என்றால் என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

'காஷேர்' என்ற ஹீப்ரு சொல்லுக்குத் 'தகுதியானது', 'முறையானது' என்று பொருள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் அது 'கோஷர்' ஆயிற்று. யூதர்கள் இதை உணவுக்கு மட்டும் சொல்வதில்லை. கையால் எழுதப்படும் தோராச் சுருளில் ஓர் எழுத்து விடுபட்டாலும், திருத்தும் வரை அது கோஷர் அல்ல.

உணவு விதிகளில் நமக்கும் அவர்களுக்கும் ஒற்றுமைகள் உண்டு. பன்றி, இரத்தம், தானாகச் செத்தவை ஆகியவை இருவருக்கும் விலக்கப்பட்டவை. கூரிய கத்தியால் கழுத்தை அறுப்பதும் இருவருக்கும் பொது. அறுத்த இறைச்சியை அவர்கள் அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, எஞ்சிய இரத்தத்தையும் நீக்குவார்கள். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 'கோஷர் சால்ட்' என்ற பருமணி உப்பின் பெயர் இதிலிருந்து வந்ததே.

வேறுபாடுகளும் உண்டு. அவர்கள் உண்ணும் விலங்கு அசைபோடவும் வேண்டும், குளம்பு பிளவுபட்டும் இருக்க வேண்டும். ஆகவே நமக்கு ஹலாலான ஒட்டகமும் முயலும் அவர்களுக்குக் கூடாது. துடுப்பும் செதிலும் இல்லாத இறால், நண்டு ஆகியவற்றையும் உண்ணமாட்டார்கள். இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வைத்திருப்பார்கள். இறைச்சி உண்டபின் பால் உணவுக்கு ஆறு மணி நேரம் வரை காத்திருப்போரும் உண்டு. தயிரில் கறியை ஊறவைத்து ஆக்கும் நம் வீட்டு பிரியாணி ஹலால்; ஆனால் கோஷர் அல்ல.

நாம் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். மது அவர்களுக்கு விலக்கப்பட்டதல்ல. விதிப்படி தயாரித்த திராட்சை மதுவுக்கும் கோஷர் முத்திரை உண்டு. எனவே அந்த முத்திரை உள்ள இனிப்பிலோ குழம்பிலோ மது சேர்ந்திருக்கலாம். ஜெலட்டின் விஷயத்தில் யூதச் சான்றளிப்போரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அறுக்கும்போது நாம் ஒவ்வொரு பிராணிக்கும் அல்லாஹ்வின் பெயரைக் கூறுகிறோம். அவர்களோ அறுக்கத் தொடங்கும்போது ஒருமுறை இறைவனைப் புகழ்ந்து கூறிவிட்டு, இடைவெளியின்றித் தொடர்ந்து அறுப்பார்கள்.

வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவு நமக்கு அனுமதிக்கப்பட்டது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆவது வசனத்தில் உள்ளது. இதை ஆதாரமாகக் கொண்டு கோஷர் இறைச்சியை அனுமதிக்கும் மார்க்க அறிஞர்கள் உண்டு. ஒவ்வொரு பிராணிக்கும் இறைவன் பெயர் கூறப்பட வேண்டும் என்று நிபந்தனை சொல்வோரும் உண்டு. இறைச்சி குறித்து அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடப்பதே நல்லது. மற்ற பொருட்களில், கோஷர் முத்திரை இருந்தாலும் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முத்திரைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் யூனியன் அளித்தது. பக்கத்தில் 'டி' இருந்தால் பால் பொருள் என்றும், 'பி' இருந்தால் அவர்களின் பாஸ்கா பண்டிகைக்கு உரியது என்றும் பொருள். வெறும் 'கே' என்ற எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. அது எந்த ஒரு சான்றளிப்பு நிறுவனத்துக்கும் மட்டும் உரிய முத்திரை அல்ல என்பதால், யாரும் அச்சிட்டுக் கொள்ளலாம்.

இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பரவியது. பிறகு சமையலறையைத் தாண்டி அன்றாடப் பேச்சுக்கும் வந்துவிட்டது. ஒரு கணக்கிலோ பேரத்திலோ ஒளிவுமறைவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், "இது கோஷராக இல்லை" என்பார்கள். உங்கள் அலுவலகத்தில் மேலாளர் அப்படிச் சொன்னால், உணவைப் பற்றிப் பேசுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். நேர்மையாக நடக்கவில்லை என்கிறார்.

'ஹலாலான சம்பாத்தியம்' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கும் கறியை, எடையில் குறைத்த பணத்திலோ தொழிலாளிக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியிலோ வாங்கினால் அது எப்படித் தூய உணவாகும்? பொட்டலத்தில் உள்ளதைப் படிக்கும் கவனம், அதற்குக் கொடுக்கும் பணத்திலும் இருக்கட்டும். நம் உணவையும் உழைப்பையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.