தாதியின் புயத்தில் ஊசி, நோயாளிக்குக் காப்பு

2024 டிசம்பரில் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் காய்ச்சல் கண்டவர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, அது என்ன காய்ச்சல் என்றே முதலில் விளங்கவில்லை. மாதிரிகளைச் சோதித்த பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. ஆனால் காய்ச்சலுக்குப் பெயர் தெரியும் முன்பே நோயாளியைத் தூக்கி இருத்தி, சேலைன் ஏற்றி, அவர் முனகுவதைக் கேட்கக் குனிபவர்கள் தாதியர். வந்தது இன்புளுவென்சா என்றால் அந்தக் குனிதலே போதும்.

இன்புளுவென்சா வைரஸ்களை ஒரு குத்தரிசி மணியின் நீளத்துக்கு அடுக்கினால் ஏறக்குறைய 60,000 பிடிக்கும். அத்தனை சிறிய உடம்பின் மேல் நூற்றுக்கணக்கான புரத முட்கள். ஒரு வகை முள் எங்கள் சுவாசக் கலத்தின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். செங்குருதிக் கலங்களையும் ஒன்றாய்த் திரளவைப்பதால் அதற்கு ‘இரத்தத்திரட்டி’ என்று பெயர். மற்ற வகை, புதிய வைரஸ் வெளியேறும் நேரம் அதே சர்க்கரையை அறுத்து வழிவிடும். எச்1என்1 என்று பத்திரிகைகளில் வரும் எழுத்துகள் இந்த இரண்டையும்தான் குறிக்கின்றன.

வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. அதனால் முட்களின் வடிவம் ஓயாமல் மாறுகிறது. போன வருடத்து ஊசி இந்த வருடம் போதாமல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், அடுத்த பருவத்துக்கான வைரஸ் வகைகளைத் தெரிவுசெய்கிறது. அவற்றைப் பெரும்பாலும் கருக்கட்டிய கோழி முட்டைக்குள் வளர்த்து, கொன்று, உடைத்து ஊசிமருந்தாக்குகிறார்கள். செத்த துண்டுகளால் காய்ச்சல் தொற்றாது. ஒருநாள் புயம் நோகலாம், உடம்பு அலுக்கலாம். உள்ளே, எண்ணற்ற வெண்கலங்களுள் அந்த முள்ளுக்குப் பொருந்துகிறவை மட்டும் பெருகி, இரண்டு கிழமையில் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கத் தொடங்கும்.

எனக்குப் பெரும் வியப்பு இதற்கு அடுத்துத்தான். காய்ச்சல் தொடங்க ஒருநாள் முன்பே தொற்றியவரின் மூச்சில் வைரஸ் வெளியேறலாம். சுகமாய் இருக்கிறேன் என்று கடமைக்கு வரும் தாதியே அதைக் கொண்டுவரக்கூடும். வாட்டில் படுத்திருக்கும் முதியவருக்கோ ஊசி போட்டாலும் உடல் மந்தமாகவே பதிலளிக்கும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த ஊசியே கிடையாது. அவர்களுக்கான காப்பில் ஒரு பங்கு பக்கத்தில் நிற்பவரின் புயத்தில்தான் போடப்படவேண்டும்.

அதற்காகக் கட்டாயப்படுத்தலாமா? சியாட்டிலின் வேர்ஜினியா மேசன் வைத்தியசாலை 2005இல் ஊசியை வேலைக்கான நிபந்தனையாக்கியது. 97 வீதத்துக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டார்கள். எங்கள் சனம் நிறைந்த ஒன்ராறியோவிலோ, ஊசி போடாத தாதியர் முகக்கவசம் அணியவேண்டும் என்ற ஒரு வைத்தியசாலையின் விதியை, சான்று போதாதென்று 2015இல் நடுவர் தள்ளினார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு: வகைகள் நன்றாகப் பொருந்தும் ஆண்டிலும் ஊசி 40 முதல் 60 வீதம்வரைதான் காக்கும். ஆகவே வேலையைப் பறிப்பது மிகை. ஆனால் எதிர்பார்ப்பது நியாயமே, ஊசி இலவசமாக வாட்டுக்கே வந்தால். மந்திகை ஆதார வைத்தியசாலையில் இரவுக் கடமையில் நிற்பவருக்கும் அது கிடைக்கவேண்டும். இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டின் நடுவிலும் முடிவிலும் இருமுறை ஏறும். இரண்டு கிழமைக் கணக்கை வைத்துப் பார்த்தால், மாரி மழை இறுக முன்னரே குளிர்ப்பெட்டி வாட்டுக்கு வந்துவிடவேண்டும்.