சஹருக்குத் திட்டமிடும் நாம் மற்ற வேளைகளில்?



 

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதே வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுத்துள்ளான் (அல்குர்ஆன் 7:31). வயிற்றை மூன்றாகப் பகுத்து, உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என ஒதுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக திர்மிதீயில் பதிவாகியுள்ளது. இவ்விரண்டையும் கேட்டிராத முஸ்லிம் இல்லம் இருக்க முடியாது. மிம்பரில் ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றன. ஆகவே நம்மைத் தடுப்பது அறியாமை அன்று. தடை வேறெங்கோ இருக்கிறது.

கோச்சடை, காளவாசல், அரசரடிப் பகுதிகளில் வாழும் ஒரு வியாபாரியின் நாளைப் பாருங்கள். டவுனில் கடையை அடைத்து வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிடும். இட்லிக்கு மாவு இருக்கிறதா என்பதே அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தூங்கா நகரம் என்று பெயர் பெற்ற மதுரையில் அந்த நேரத்திலும் பரோட்டாக் கல் சூடாகவே இருக்கும். மைதாவும் எண்ணெயும் சால்னாவும் வயிற்றை நிரப்ப, அடுத்த அரை மணியில் உறக்கம். இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. பசி வந்த பிறகு முடிவெடுத்தார், அவ்வளவே. பசித்தவனின் முடிவு பெரும்பாலும் அருகில் கிடைப்பதை நோக்கியே செல்லும்.

இதன் விலையை நாடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. நம் மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் இல்லை. சர்க்கரையால் விழித்திரை பழுதாவது தொடக்கத்தில் வலியையோ மங்கலையோ தராது. பார்வை குறைந்த பின் வருபவருக்கு இழந்ததை முழுவதும் மீட்டுத் தர மருத்துவரால் இயலாமல் போகலாம். நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென்பது இதனால்தான்.

சகோதர, சகோதரிகளே! நம்மால் திட்டமிட முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். ரமளானில் நாம் செய்வது என்ன? சஹருக்கு என்ன உணவு என்பது முந்தைய இரவே முடிவாகிவிடுகிறது. ஊறவைக்க வேண்டியது ஊறுகிறது. யார் முதலில் எழுவது என்பதும் தெரிந்திருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, இன்று என்ன சமைப்பது என்று எவரும் யோசிப்பதில்லை. முப்பது நாள் இதைத் தவறாமல் செய்யும் குடும்பம், ஷவ்வால் பிறை தெரிந்த மறுநாளே அந்தத் திறமையை இழந்துவிடுமா என்ன?

2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, எந்தக் கிழமையில் என்ன உணவு என்பது முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. ஐந்து பேர் உண்ணும் வீட்டுக்கும் அத்தகைய ஓர் அட்டவணை போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் அமர்ந்து, வரும் வாரத்து இரவு உணவை மட்டும் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்ற முனைபவர் இரண்டாம் வாரமே கைவிடுகிறார். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை (புகாரீ, முஸ்லிம்) அடுப்படிக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

காசில்லை என்பது மற்றொரு காரணம். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. கோச்சடையினருக்குப் பழங்காநத்தம் சந்தை எட்டும் தூரம். கீரையும் சுரைக்காயும் முருங்கையும் பரோட்டாப் பொட்டலத்தை விட மலிவானவை. பட்டியலுடன் வாரம் ஒருமுறை சென்றால் செலவு கூடாது, குறையவே செய்யும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் மாதக் கணக்காகப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். நால்வருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாயில் உள்ளது தனிக் கணக்கு. எண்ணெயை ஒருவருக்கு 25 கிராம் என வைத்தால் நால்வருக்கு மாதம் 3 கிலோ. உங்கள் மளிகைச் சீட்டில் எத்தனை என்று எழுதியிருக்கிறது? உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாவு பழகிவிடும். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

வாப்பாவுக்குச் சர்க்கரை என்றதும் அவருக்கென்று தனி உலை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சமைக்கும் பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. உண்பவருக்கோ தண்டனை போன்ற உணர்வு. அவருக்கு ஏற்ற காய்கறியும் பருப்பும் பிள்ளைகளுக்கும் ஏற்றவையே. ஒரே சட்டியில் சமைத்து, சோற்றின் அளவை மட்டும் தட்டில் குறைப்பதே எளிது.

வலீமா விருந்தில் மறுப்பது எப்படி? மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தமக்குப் பழக்கமில்லை என்று மட்டும் கூறி நபி (ஸல்) அவர்கள் உண்ணாமல் இருந்தார்கள், தடை செய்யவுமில்லை. அருகில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள் (புகாரீ). உணவைக் குறை கூறாமல், விருந்தளித்தவர் மனம் நோகாமல், போதும் என்று சொல்ல இதைவிடச் சிறந்த வழிகாட்டல் வேண்டுமா? இரண்டாம் முறை பிரியாணிச் சட்டியுடன் வந்து வற்புறுத்துவதை அன்பென்று எண்ணும் நாமும் சற்று யோசிக்கலாம்.

இஃப்தாரில் நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் குவிவதையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது நலம். நீரிழிவுக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மருந்தின் நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிய வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து. வைக்கலாகாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கான சலுகையை அல்குர்ஆன் 2:184இல் அல்லாஹ்வே அளித்திருக்கின்றான்.